டாங்கியின் அடிவயிற்றில் ஈறு நிறம்

செய்தி வந்தபோது என் கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்கள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் பல் செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. செவ்வாய்க்கிழமை காலை, செட்டைப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருந்தபோது பக்கத்தில் இருந்த போன் அதிர்ந்தது. நம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் ரவீன் எழுதியிருந்தார்: "குணாளன் அண்ணன் தவறிட்டாரு. வேல செய்யற எடத்துல ஹார்ட் அட்டாக். பண்டமாரான் வீட்டுலதான் வெச்சிருக்காங்க." சக்கரத்தை நிறுத்தினேன். பத்து நிமிடத்துக்குள் குழுவில் கும்பிடும் கைகள் வரிசை கட்டிவிட்டன. தங்கமான மனிதர், ஈடு செய்ய முடியாத இழப்பு, அண்ணன் இல்லாத மேசை மேசையா என்றெல்லாம் வந்துகொண்டே இருந்தது.

அந்தக் கும்பிடுகளைப் பார்க்க அண்ணன் அந்தக் குழுவிலேயே இல்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பே விலகிப் போய்விட்டார். அத்தனை மாதங்களில் "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று ஒரு வரி தட்டாத விரல்கள் அன்று காலை ஆளுக்கு மூன்று கும்பிடு தட்டின. என் விரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் ஒன்று போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரவீன் கூப்பிட்டார். "வாசுகி, நீங்கதான் நல்லா எழுதுவீங்க. நம்ம மேசைக்காரங்க எல்லாரும் படிக்கிற மாதிரி அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கலா" என்றார். சரி என்றேன். நல்லதாக நாலு வார்த்தை இதில் இருக்கின்றன, அவை அண்ணனைப் பற்றியவை. மற்றதெல்லாம் என்னைப் பற்றியது, அது நல்லதாக இருக்காது. பாதியில் நிறுத்திவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நம்மைத் தெரியாதவர்கள் கைக்கும் இது போகலாம். அவர்களுக்காக ஒரு விளக்கம். பிரிக்பீல்ட்ஸில் ரவீனுக்கு ஒரு எழுதுபொருள் கடை இருக்கிறது. அதன் மாடியில் ஒரு பெரிய மேசை. அதன்மேல் ரப்பர் மரங்கள், செம்மண் சாலை, ஆறு, பாலம், எல்லாம் சின்னச் சின்னதாக. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கி வந்த அந்தப் போரை, உள்ளங்கை அளவு டாங்கிகளையும் விரல் நுனி அளவு சிப்பாய்களையும் நகர்த்தி, பகடை உருட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் மறுபடி மறுபடி விளையாடுவோம். பேரன் எடுக்கும் வயதில் பொம்மை விளையாட்டா என்று கேட்காத சொந்தக்காரர் நம்மில் யாருக்கும் கிடையாது.

அண்ணன் முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறது. கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து வந்தவர் பையிலிருந்து ஒரு பழைய மார்ஜரின் டப்பாவை எடுத்தார். அதற்குள் டிஷ்யூவில் சுற்றிய ஒரு டாங்கி. எந்தக் கடையில் வாங்கியது என்று ரவீன் கேட்டார். "கடையில இல்ல பாஸ். வீட்டுல த்ரீடி பிரிண்ட் பண்ணது. சாந்தி துணி தொவைக்கிற எடத்துல" என்றார். நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் லேப்பில் எந்த வேலை வந்தாலும் முதலில் குற்றம் தேடுவதுதான் பழக்கம். கடுகில் பாதிகூட இல்லாத ஆணிகள் உட்பட ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. குற்றம் ஒன்றும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

"நீங்க பெயிண்ட் நல்லா பண்ணுவீங்களாமே. என் கை கிரேன்ல வேல செய்யற கை, பிரஷ் புடிச்சா ஆடும். நான் பெத்துப் போடறேன், நீங்க உடுப்பு போட்டு விடுங்க" என்றார். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. அன்று தொடங்கிய கூட்டு நான்கு வருடம் நடந்தது. அவர் அச்சடிப்பார், நான் வண்ணம் தீட்டுவேன். நம் மேசையைப் பார்த்துவிட்டு இவ்வளவு அழகா என்று யார் கேட்டாலும், "அது வாசுகி கைங்க" என்பார். நான் ஒரு தடவைகூட "அது அண்ணன் மெஷின்" என்று சொன்னதில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் அப்போதே எனக்குள் அந்தக் கோணல் இருந்திருக்கிறது.

செத்தவர் எல்லோரையும் சாமியாக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அண்ணன் சில நேரம் தாங்க முடியாத மனிதர். ஓர் ஆணி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசுவார், கேட்பவர் கண் சொருகுவது அவருக்குத் தெரியாது. தெ தாரிக் தேநீரைச் சத்தம் போட்டு உறிஞ்சுவார். ஒரு தேதி தப்பாகச் சொன்னால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் அடுத்த பகடையைத் தொட விடுவார். ஆனால் அந்த மேசையில் அவர் செய்த ஒரு காரியத்தை நம்மில் வேறு யாரும் செய்யவில்லை.

அந்தப் போரில் ஜப்பானியரிடம் டாங்கி இருந்தது, வெள்ளைக்காரனிடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே நம் மேசையில் எல்லோருக்கும் ஜப்பான் பக்கம்தான் வேண்டும், சண்டை போட்டு அந்த நாற்காலியைப் பிடிப்போம். அத்தனை டாங்கிகளையும் அச்சடித்துக் கொண்டுவந்த மனிதர் எதிர்ப்பக்கம் போய் உட்காருவார். ஒரு நாள் கேட்டேன், "ஏண்ணே, ஒங்க டாங்கிய நீங்களே ஒரு நாளாவது ஓட்டக் கூடாதா?" சிரித்தார். "தோக்கற பக்கம் ஒரு ஆளாவது ஒக்காரணும்லா. இல்லனா வெளையாட்டு எப்பிடி நடக்கும்?" பாலத்தை உடைப்பார், மரத்தை வெட்டிச் சாலையில் போடுவார், மெல்ல மெல்லப் பின்வாங்குவார், கடைசியில் தோற்பார். தோற்றவர்தான் மரங்களை எடுத்து அடுக்க வேண்டும் என்பது நம் மேசை வழக்கம். நான்கு வருடமும் பெரும்பாலும் அவர்தான் அடுக்கினார். நாம் கீழே சாப்பிடப் போயிருப்போம்.

பண்டமாரானில் அவர் வீட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிரிண்டர் இருந்தது. மஞ்சள் மூடி போட்ட ஒரு பெட்டி. தேன் பதத்தில் ஒரு திரவத்தை, ஒளி பாய்ச்சி, அடுக்கடுக்காக இறுக வைத்து டாங்கியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே முற்றத்து வெயிலில் ஒரு தட்டில் கழுவிய டாங்கிகள் காய்ந்தன. பக்கத்துத் தட்டில் சாந்தி அக்கா நெத்திலி காயப் போட்டிருந்தார். "ரெண்டும் ஒரே வெயில்தான். எது எங்க வீட்டுக் கொழம்புக்குன்னு மட்டும் நான் பாத்துக்கணும்" என்றார் அக்கா. அவருக்கு அந்த வாடை பிடிக்காது, ஆனாலும் கணவருக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் டாங்கியின் அடிவயிற்றில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பற்றிக் கேட்டேன். மிளகு அளவு இருக்கும். அத்தனை நேர்த்தியான உருவத்தில் அது மட்டும் எனக்கு உறுத்தியது. "உள்ள காலியா பிரிண்ட் பண்றோம்ல, அதுல கொஞ்சம் ஒறையாத ரெசின் தங்கிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஓட்டைல காத்து போகணும், இன்னொண்ணுல அது வெளிய வரணும். உள்ள விளக்கு காட்டி, வெயில்ல வெச்சு, நல்லா காஞ்சப்புறம் அடைச்சுக்கலாம். முன்னாடியே அடைச்சா அது சும்மா இருக்காது. மாசக்கணக்குல உள்ள இருந்தே சுவத்தத் தின்னும்" என்றார். பிறகு, எதற்கெடுத்தாலும் சொல்வதையே அன்றும் சொன்னார்: "பதறாத காரியம் செதறாது வாசுகி."

எல்லாம் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்வதற்கில்லை.

கிள்ளானில் ஒரு வணிக வளாகத்தில் பள்ளி விடுமுறைக் கண்காட்சிக்கு நம் மேசையைக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். முதன்முறையாக அதை ஊர் பார்க்கப் போகிறது. கூடவே வண்ணம் தீட்டிய உருவங்களுக்கு ஒரு போட்டி. அண்ணன் அதற்காகப் புதிதாக ஆறு டாங்கிகள் அச்சடித்தார். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய ஞாயிறு கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி மூடியில் மஞ்சள் காகித டேப் ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தார்: "வாசுகி, ஒரு வாரம் பொறுங்க." உள்ளே காய இன்னும் நாளாகும் என்று வாயாலும் சொன்னார்.

பெருநாளுக்கு எங்கள் லேப் ஐந்து நாள் அடைப்பு. அந்த ஐந்து நாளை விட்டால் எனக்கு முழு நாளாக உட்கார நேரம் கிடையாது. போட்டி நடுவர்கள் டாங்கியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். பல் செட்டில் ஓட்டை தெரிந்தால் டாக்டர் திருப்பி அனுப்புவார், அந்தப் பழக்கம் எனக்கு. அன்று மாலையே பன்னிரண்டு ஓட்டைகளையும் அடைத்தேன். மற்றவர்கள் பட்டி வைத்து அடைப்பார்கள், ஓரத்தில் கொஞ்சமாவது இடுக்கு இருக்கும். நான் லேப்பிலிருந்து கொண்டுவந்த அக்ரிலிக்கைக் குழைத்து வைத்தேன். பல் செட்டுக்கு ஈறு செய்யும் பொருள், ஈறு மாதிரியே இளஞ்சிவப்பாக இருக்கும். இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷும் செய்தேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. அதன்மேல் பச்சை, காவி, நடுவே மஞ்சள் கோடு, சக்கரப் பட்டையில் தோட்டத்துச் செம்மண். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அது. இப்போதும் அதைச் சொல்லத்தான் செய்வேன்.

இரண்டு மாதம் அவை என் அலமாரியில் அசையாமல் இருந்தன. கண்காட்சியன்று காரில் கொண்டுபோனேன். கிள்ளானில் நிழலில் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நான் மேசையைப் பார்த்துவிட்டு வர ஒரு மணி நேரம் ஆயிற்று, அதுவரை கார் வெயிலில் நின்றது. எடுத்துவந்து மேசையில் அடுக்கினோம், மேலே பளீர் விளக்குகள். மத்தியானம் முன்வரிசை டாங்கியின் பீரங்கிக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்திருந்ததைப் பார்த்தேன். தொட்டால் பிசுக்கென்று ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் மயிரிழை அளவு வெடிப்பு, அதிலிருந்து தேன் மாதிரி கசிவு. பிறகு இரண்டாவது, நான்காவது. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னப் பெண் குழந்தை ஒன்றைக் கையில் எடுத்துவிட்டது. அரைமணி நேரத்தில் தாய் திரும்பி வந்தார். குழந்தையின் உள்ளங்கை தடித்துச் சிவந்திருந்தது. "என்னத்த பூசி வெச்சிருக்கீங்க பிள்ளைங்க தொடற சாமான்ல?" என்று அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏற்பாட்டாளர்கள் வந்து டாங்கிகளை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள். கூட்டம் கூடிவிட்டது. ரவீன் முகம் தொங்கிப்போய் நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, ஒங்க பிரிண்ட்டுதான். ஒழுங்கா கழுவியிருக்க மாட்டீங்க. நான் எத்தன நாள் ஒக்காந்து பெயிண்ட் பண்ணேன் தெரியுமா?"

அந்த வார்த்தை வெளியே வரும்போது எனக்கு உண்மையிலேயே கோபம்தான். ஓட்டை நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவீர்களா தெரியாது, வரவில்லை. அண்ணன் ஒரு டாங்கியை எடுத்துக் கவிழ்த்தார். அடிவயிற்றைக் கட்டைவிரலால் தடவினார், நகத்தால் லேசாகச் சுரண்டினார். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் ஈறு நிறத்தில் வேலை செய்பவள் நான் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் கட்டைவிரலை நகர்த்தி அந்தச் சிவப்பை மறைத்துக்கொண்டு, அந்தத் தாயிடம் திரும்பினார்.

"என் தப்புதாம்மா. சரியா கழுவாம விட்டுட்டேன். பிள்ளைக்கு சோப்பு போட்டு நல்லா கழுவி விடுங்க, வாங்க, கிளினிக்குக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

போனார். குழந்தைக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. நான் அங்கேயே நின்றேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல நின்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே மேசைக்கு எதிரெதிரே நின்றன, உங்கள் எல்லோருக்கும் பழி மட்டும்தான் தெரிந்தது. குப்பையில் போடச் சொன்ன ஆறு டாங்கிகளையும் அவர்தான் அந்தப் பெட்டியிலேயே பொறுக்கி வைத்து எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் ரவீன் குழுவில் எழுதினார்: "இனிமே பிரிண்ட் எல்லாம் நாமளே கவனமா பாத்துக்கலாம். யாரையும் குத்தம் சொல்லல." யாரையும் என்றால் யாரை என்று எல்லோருக்கும் தெரியும். ரவீன் கடைக்கு ஒரு பிரிண்டர் வந்தது. அண்ணன் இன்னும் இரண்டு ஞாயிறு வந்தார். அவரிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை, அவ்வளவாகப் பேசவே இல்லை. மரங்களை அடுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் ஞாயிறு வரவில்லை, குழுவிலிருந்தும் விலகியிருந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினார். சீர் செய்த டாங்கி ஒன்று, பெயிண்ட் உரிந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். கீழே ஒரு வரி: "வாசுகி, இதுக்கு என்ன பச்சை போடலாம்?" நான் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கும். பதில் எழுதவில்லை. அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நானும் சண்டை போட்டு, அழுது, மன்னிப்புக் கேட்டு, ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். காப்பாற்றிவிட்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. போகப் போக நானே என் பொய்யை நம்பத் தொடங்கினேன். அவர் ஒருவேளை உண்மையிலேயே சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே வாதாடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் ஊரிடமிருந்து மறைப்பதுதான் கடினம், தன்னிடமிருந்தே மறைப்பது அத்தனை கடினமில்லை.

சாவு வீட்டுக்கு நாம் ஒரே காரில் போனோம். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து பாக்கெட் பானம் குடித்தபடி ரவீன் சொன்னார், "கழுவறதுலதான் கொஞ்சம் கவனக்கொறச்சல். மத்தபடி தங்கமான மனுஷன்." ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. நான் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த நேரத்தில் சாந்தி அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார்.

பின்கட்டில் பிரிண்டர் இருந்த இடத்தில் ஒரு வாளி இருந்தது. "எங்கக்கா மெஷின்?" என்றேன்.

"நான்தாம்மா தூக்க வெச்சேன். கிள்ளான்ல ஒரு பிள்ளைக்கு கை தடிச்சிருச்சுன்னு வந்து சொன்னாரு. என் பிள்ளையா இருந்தா சும்மா விடுவேனா? இந்தப் பீடை வீட்டுல இருக்கக் கூடாது, யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். சரி சாந்தின்னாரு. அடுத்த நாளே குடுத்துட்டாரு." அவர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதே பெட்டி. "இத மட்டும் குடுக்கல. லீவு நாள்ல ஒக்காந்து கொடஞ்சிட்டே இருப்பாரு. வாசுகி வந்தா பெயிண்ட் பண்ணுவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு. நீங்க எடுத்துக்குங்க."

உள்ளே ஆறும் இருந்தன. வெடிப்புகளை ஒட்டித் தேய்த்திருந்தார். அடிவயிற்றில் பன்னிரண்டு ஓட்டைகளும் மறுபடி திறந்திருந்தன. ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில், குடைந்து எடுத்த இளஞ்சிவப்புத் துண்டுகள். அதையும் அவர் தூக்கிப் போடவில்லை. அக்கா அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, சுவிங்கம் மாதிரி?"

"தெரியலக்கா" என்றேன்.

பிணம் முன்கூடத்தில் கிடக்கும்போது, அந்த மனிதரின் மனைவியிடம், அவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னேன். என்னைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்று போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு தனியாகப் போனேன். அக்கா அவருடைய வேலைச் சட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பில் எழுதியிருந்தது, ஐந்து நாள் லீவு, ஈறு நிறம், அவருடைய கட்டைவிரல், நீலக் கோடுகள், தெரியலக்கா என்றது, எதையும் விடவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது தெரிந்துதான் சொன்னேன். அக்கா சட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"அவரு மெஷின தூக்கிட்டுப் போறப்ப நான் ஒரு வார்த்த சொன்னேன்மா. அது என்ன வார்த்தன்னு ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதுக்கும் அவரு சரி சாந்தின்னுதான் சொன்னாரு."

நான் தலையைக் குனிந்தேன். அவர் தொடர்ந்தார். "அவரு இருக்கறப்ப வந்து சொல்லியிருந்தா அந்த வார்த்தய நான் திருப்பி எடுத்திருப்பேன்."

கத்தவில்லை, அழவில்லை. "அந்தப் பெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டார். காரில் இருந்தது. பழைய பச்சையோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க, புதிய பச்சை ஒன்றும் வாங்கி அதனோடு வைத்திருந்தேன். "கொண்டாந்து குடுத்துடுங்க. பெயிண்ட் இல்லாமலே இருக்கட்டும், இங்கயே இருக்கட்டும்." கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, சட்டைகளுக்கு மேல் வைத்தார். வாசல்வரை வந்து, "ஏதோ எழுதப் போறீங்கன்னு ரவீன் சொன்னாரு. இதையும் எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். ரவீன், பந்தலில் நீங்கள் சொன்னது தவறு. அண்ணன் கழுவியதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குழந்தையின் கை தடித்தது என்னால். அவர் மெஷின் போனதும் என்னால். இந்தத் தாளை மேசைக்குப் பக்கத்துச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதும் வராததும் நீங்கள் எல்லோரும் சொல்வதைப் பொறுத்தது. வரச் சொன்னால் டாங்கி இல்லாத பக்கம் உட்காருகிறேன். வர வேண்டாம் என்றால் அதற்கும் நான் கோபப்பட மாட்டேன்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. கோடு போடும்போது ஓரம் மறைக்க உதவும் என்று, உரித்த டேப்புகளை என் பெயிண்ட் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைப்பது என் வழக்கம். அன்று ஓட்டையை அடைக்கும் அவசரத்தில் அண்ணனின் பெட்டியிலிருந்து உரித்த டேப்பும் அங்கேதான் ஒட்டியிருந்தது. அவர் விலகியிருந்த பதினான்கு மாதமும் ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, எழுத்து படிக்கும்படிதான் இருக்கிறது.

"வாசுகி, ஒரு வாரம் பொறுங்க."

என்னால் ஒரு வாரம் முடியவில்லை. அவர் பதினான்கு மாதம் பொறுத்திருந்தார், அதற்குமேல் அவருக்கு நாள் இல்லை.